பழைய கணினியும் பொருந்தும் நினைவகமும்

எங்கள் இல்லத்து மேசைக் கணினி 2012ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரை ஏதும் அதற்கில்லை. உதிரிப் பாகங்களைத் தெரிவுசெய்து கடைக்காரர் பூட்டிக் கொடுத்த கணினி. குடும்பத்தின் சிறு வணிகக் கணக்குகளும், வணிகவியல் பயிலும் மகளின் பாடங்களும் அதனை நம்பியே நடைபெற்று வந்தன. சென்ற ஆண்டு அது மிகவும் தளர்ந்துபோயிற்று. காலையில் விசையை அழுத்திவிட்டுச் சென்றால், காப்பி அருந்தி, நாளிதழையும் ஒருமுறை புரட்டிய பின்னரே அது பணிக்கு ஆயத்தமாகும். கணக்கு மென்பொருளும் இணைய உலாவியும் ஒருங்கே திறந்திருந்தாலோ, எழுத்தை அழுத்திவிட்டு அது திரையில் தோன்றும்வரை காத்திருக்க வேண்டும்.

“புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள், தவணை வசதிதான் எங்கும் இருக்கிறதே” என்று கூறாத உறவினர் இல்லை. கடன் வாங்குமுன் சற்றுப் பொறுங்கள் என்று வங்கியின் இதழிலேயே எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும் எங்கள் கருத்து அதுவே. பழைய கணினி தளர்வதற்குப் பல நேரங்களில் அதன் மூப்பு காரணமன்று. இன்று நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள் பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தவற்றைக் காட்டிலும் மிகுதியான நினைவகத்தைக் கோருகின்றன. அன்று 2 அல்லது 4 ஜிபி ரேம் போதுமானதாயிருந்தது. இன்று பத்துப் பக்கங்களைத் திறந்துவைத்தால் இணைய உலாவி ஒன்றே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. செயலியும் தாய்ப்பலகையும் நல்ல நிலையில் இருக்குமாயின், நினைவகத்தை மட்டும் கூட்டி, அக்கணினியிடமிருந்து மேலும் சில ஆண்டுகள் உழைப்பைப் பெறலாம். ஆனால் இந்தச் சிறு செலவிலேயே ஏமாற்றம் அடைவோர் பலர். நாங்களும் அடைந்தோம்.

தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு எனக் கணினிப் பொருள்களுக்கென்றே பெயர்பெற்ற சந்தைகள் நம் நாட்டின் பெருநகரங்களில் உள்ளன. அத்தகைய சந்தை ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை மாலை சென்றோம். “மேசைக் கணினிக்கு டிடிஆர்3 ரேம், 8 ஜிபி” என்று கேட்டோம். டிடிஆர்3 என்னும் சொல்லை அறிந்து வைத்திருந்ததே பெருந்தேர்ச்சி என்பது அன்று எங்கள் எண்ணம். மூன்று கடைகளில் ஏறத்தாழ ஒரே விலை சொன்னார்கள். நான்காவது கடையில் அதில் பாதிக்கே, 850 ரூபாய்க்கு, கிடைத்தது. மகிழ்ச்சியுடன் வாங்கி வந்தோம்.

வீட்டில் அதனைப் பொருத்தி விசையை அழுத்தினோம். திரை இருண்டே கிடந்தது. உள்ளிருந்து விட்டுவிட்டுக் ‘கீச்’ ஒலி மட்டும் கேட்டது. பழைய நினைவகப் பட்டையை மீண்டும் செருகியதும் கணினி வழக்கம்போல் எழுந்தது. புதியதை அடுத்த செருகுவாயில் இட்டுப் பார்த்தோம். மீண்டும் அதே ஒலி. மறுவாரம் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் அதனைத் தம் மேசையிலிருந்த கணினியில் பொருத்திக் காட்டினார், நன்றாகவே இயங்கியது. “பொருளில் குறை ஏதுமில்லை, உங்கள் கணினியில்தான் ஏதோ கோளாறு” என்று கூறி, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்னும் வரியை இரசீதில் சுட்டிக்காட்டினார்.

அவர் கூறியதன் முற்பாதி பொய்யன்று. அப்பட்டை பழுதற்றதுதான், எங்கள் கணினியும் பழுதற்றதே. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை, அவ்வளவே. டிடிஆர்3 வகையில் ஏஎம்டி செயலிக்குரிய தாய்ப்பலகைகளில் மட்டுமே இயங்கும் பட்டைகள் சில உண்டு. அவற்றிலுள்ள சில்லுகளின் உள்ளமைப்பு வேறுபட்டது. இன்டெல் தாய்ப்பலகைகள் அதனை ஏற்பதில்லை. விலை குறைவாயிருப்பதற்கும் அதுவே காரணம். எங்களுடையது இன்டெல் கணினி. கடைக்காரர் கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை.

இங்கே சட்டத்தையும் சிறிது நோக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறைபாடுள்ள பொருளை இரசீதில் கண்ட காலத்துக்குள், அவ்வாறு காலம் ஏதும் குறிக்கப்படாவிடில் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறையாகும். ஆகவே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டுவிட்டதாலேயே வணிகர் தம் பொறுப்பினின்று விடுபட்டுவிட முடியாது. ஆயினும் அச்சட்டம் பேசுவது குறைபாடுள்ள பொருளைப் பற்றி. பழுதின்றி இயங்கும் பட்டை, நம் கணினிக்குப் பொருந்தாத ஒரே காரணத்தால் குறைபாடுள்ளது ஆகிவிடுமா? ‘இன்ன கணினிக்குத்தான் கேட்டேன்’ என்பதற்கு நம்மிடம் சான்று ஏதும் இல்லாதபோது வாதிடுவது எளிதன்று. எங்கள் இரசீதில் இருந்தது ‘ரேம் 8 ஜிபி – 1’ என்னும் ஒரே வரி. அதனை வைத்துக்கொண்டு 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தாலும், எங்கள் தரப்பில் எதைச் சொல்லியிருக்க முடியும்?

ஆகவேதான், நினைவகம் வாங்கும் வேலை கடையில் தொடங்குவதில்லை, நம் வீட்டு மேசையில் தொடங்குகிறது என்று கருதுகிறோம். கொள்ளளவைச் சொல்லிக் கேட்பது, காலணிக் கடையில் ‘ஒரு சோடி’ என்று மட்டும் கேட்பதைப் போன்றது.

தாய்ப்பலகையின் பெயரே திறவுகோல்

கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால், தாய்ப்பலகையின் மீது அதன் மாதிரி எண் பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். தூசியைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். ஏற்கெனவே உள்ள நினைவகப் பட்டையின் ஒட்டுச்சீட்டையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியைத் திறக்கத் தயங்குவோர் சிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளை நிறுவிப் பார்க்கலாம். பலகையின் பெயர், செயலியின் பெயர், ஒவ்வொரு செருகுவாயிலும் உள்ள நினைவகத்தின் வகை, வேகம் அனைத்தையும் அது காட்டிவிடும். பெயர்பெற்ற நிறுவனத்தின் கணினி எனில், பெட்டியின் மேல் உள்ள மாதிரி எண்ணைக் கொண்டு அந்நிறுவனத்தின் இணையதளத்திலேயே கையேட்டைப் பெறலாம். எத்தனை செருகுவாய்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு ஏற்கும், மொத்த வரம்பு யாது என்பவை கையேட்டில் இருக்கும். கிங்ஸ்டன் போன்ற நினைவக நிறுவனங்களின் தளங்களிலும், கணினியின் மாதிரியைக் கொடுத்தால் பொருந்தும் பட்டைகளைப் பட்டியலிட்டுத் தரும் வசதி உண்டு.

தலைமுறை வேறுபாட்டில் அவ்வளவாக ஏமாற இடமில்லை. டிடிஆர்3 நினைவகத்துக்கான தரநிலை 2007இல் வந்தது. டிடிஆர்4 சந்தைக்கு வந்தது 2014இல். டிடிஆர்5 தரநிலை வெளியானது 2020இல். ஒவ்வொரு தலைமுறைக்கும் பட்டையின் அடிவிளிம்பிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் அமைந்திருக்கும். டிடிஆர்2, டிடிஆர்3 ஆகிய இரண்டுக்கும் 240 தொடர்பு முனைகளே. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288. எண்ணிக்கை ஒன்றாயினும் வெட்டு பொருந்தாது. ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமராது. அமரவில்லையே என்று வலிந்து அழுத்தினால்தான் கேடு. மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்2க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3க்கு 1.5, டிடிஆர்4க்கு 1.2.

ஏமாற்றம் நேர்வதெல்லாம் வெட்டு சரியாகப் பொருந்திவிடும் இடங்களில்தான். எங்களுக்கு நேர்ந்தது அவற்றுள் ஒன்று. வழங்கிக் கணினிகளிலிருந்து கழற்றப்பட்டு விலை மலிவாக வரும் பட்டைகள் மற்றொன்று. 16 ஜிபி என்று கண்ணைப் பறிக்கும் எழுத்தில் ஒட்டுச்சீட்டு இருக்கும், வெட்டும் பொருந்தும். ஆனால் ‘ரிஜிஸ்டர்டு’ எனக் குறிக்கப்பட்ட அவ்வகைப் பட்டைகளைச் சாதாரண மேசைக் கணினிகளின் பலகைகள் ஏற்பதில்லை.

அடுத்தது, பலகையின் வரம்பு. இன்டெலின் ஜி41 சில்லுத்தொகுதி கொண்ட தாய்ப்பலகைகள் நம் நாட்டு அலுவலகங்களிலும் இல்லங்களிலும் இன்னும் பல உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவை 8 ஜிபிக்கு மேல் ஏற்பதில்லை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு: டிடிஆர்3 செருகுவாய் உள்ள ஜி41 பலகையில் 4 ஜிபி பட்டையைச் செருகுவதானால், அப்பட்டையில் பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு சில்லுகள் இருக்க வேண்டும். எட்டே சில்லுகளில் 4 ஜிபியை அடக்கிய பிற்காலத்துப் பட்டையை அது முறையாக அறிந்துகொள்வதில்லை. பட்டையைக் கையில் வாங்கிச் சில்லுகளை எண்ணிப் பார்ப்பது கடைக்காரருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். எண்ணிப் பார்ப்பதில் நமக்கு நட்டமில்லை. எச்61 பலகைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பெரும்பாலும் இரண்டு செருகுவாய்களும் 16 ஜிபி வரம்பும் கொண்டவை அவை.

2015இல் வந்த இன்டெலின் ஆறாம் தலைமுறைக் கணினிகளை வைத்திருப்போர் தனியே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே செயலிக்கு, டிடிஆர்4 ஏற்கும் பலகைகளும் டிடிஆர்3எல் ஏற்கும் பலகைகளும் விற்கப்பட்டன. டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட்டில் இயங்குவது. அதன் வெட்டு பழைய 1.5 வோல்ட் டிடிஆர்3 பட்டையின் வெட்டைப் போன்றதே. பழைய பட்டை அங்கே தாராளமாக அமரும். ஆனால் அச்செயலி 1.5 வோல்ட்டுக்காக வடிவமைக்கப்பட்டதன்று. செயலியின் பெயரை மட்டும் பார்த்து நினைவகம் வாங்கலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

வேகத்தைப் பற்றி மக்கள் கொள்ளும் கவலை, எங்கள் பார்வையில், தேவைக்கு மிஞ்சியது. 1333 பட்டையுடன் 1600 பட்டையைச் சேர்த்தால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி இயங்கும். பெரும்பாலும் கெடுதி ஏதும் நேராது. செயலியே 1333 வரைதான் ஏற்கும் எனில், 1600க்காக மிகுதியாகப் பணம் கொடுப்பதில் பயனில்லை. ஆனால் ஒரே அளவுள்ள இரு பட்டைகளை இணையாகப் பொருத்துவது நன்று. இரண்டு வழிகளிலும் ஒருசேரத் தரவு செல்வதால் வேகம் கூடும். அதாவது, ஏற்கெனவே 4 ஜிபி பட்டை ஒன்றிருந்தால் இன்னொரு 4 ஜிபி பட்டையே முதலில் கருதத்தக்கது.

நினைவகந்தானா குறை?

இதனை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நாங்களும் பிற்பாடுதான் எண்ணிப் பார்த்தோம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் விண்டோஸில் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். வழக்கமாகச் செய்யும் பணிகளைச் செய்துகொண்டே அதில் நினைவகத்தின் பயன்பாட்டைப் பார்க்க வேண்டும். 85, 90 விழுக்காடு என்று நின்றால் நினைவகம் போதவில்லை. பாதி நினைவகம் வெறுமையாக இருந்தும் வன்தட்டு மட்டும் 100 விழுக்காட்டில் நிற்குமானால், நினைவகத்தைக் கூட்டிப் பயனில்லை. பழைய சுழலும் வன்தட்டுக்கு மாற்றாக எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்துவதே தீர்வு. இரண்டுமே உச்சத்தில் நின்றால் முதற்குற்றவாளி நினைவகமே எனலாம். அது போதாதபோது கணினி வன்தட்டையே நினைவகம்போல் பயன்படுத்தத் தொடங்கிவிடுகிறது.

விண்டோஸ் 32 பிட் பதிப்பா, 64 பிட் பதிப்பா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீடுகளில் பயன்படும் 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. 8 ஜிபி பொருத்தினாலும் மீதி உறங்கிக் கிடக்கும்.

எங்கள் கணினியில் நினைவகம் 91 விழுக்காடு. 64 பிட் பதிப்பு. பலகை எச்61. ஒரு செருகுவாயில் 4 ஜிபி, 1333, மற்றொன்று வெறுமை. இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மீண்டும் அதே சந்தைக்குச் சென்றோம். இம்முறை வேறொரு கடை. முதியவர் ஒருவர் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் படித்தவர், கைப்பேசியிலிருந்த படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, வேறொன்றும் கேளாமல் உள்ளே சென்று 4 ஜிபி பட்டை ஒன்றைக் கொணர்ந்தார். முன்பு 8 ஜிபிக்குக் கொடுத்ததைவிடச் சற்றே மிகுதியான விலை. “எச்61 பலகைக்குப் பொருந்தும், இயங்காவிடில் ஏழு நாள்களுக்குள் மாற்றித் தரப்படும் என்று இரசீதில் எழுதித் தருவீர்களா?” என்று தயக்கத்துடன் கேட்டோம். அவர் தயங்கவில்லை. பலகையின் முழு மாதிரி எண்ணையும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்.

நினைவகம் வாங்கும் ஒவ்வொருவரும் இதனைக் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய எண்ணம். எழுதித் தரும் வணிகர் தாம் விற்பதை அறிந்தவர். எழுதித் தர மறுப்பவரிடம் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்காமல் வருவது நன்று. அந்த ஒரு வரி நம்மிடம் இருந்தால், பிணக்கு நேரும்போது ‘பொருந்தும் என்று சொல்லி விற்றார்’ என்பதற்குச் சான்று உண்டு. இணையவழியில் வாங்குவோருக்கும் இது ஏற்புடையதே. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் கூறிய தன்மைகள் இல்லாத பொருளை விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. ஆகவே வாங்கும் நாளில் அப்பொருளின் விவரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நலம்.

பொருத்துவதைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. மின்கம்பியைக் கழற்றிவிட்டு இயக்கு விசையை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்கவேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுப் பட்டையை விளிம்பில் பிடித்துச் செருக வேண்டும். இரு புறமும் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். பின்னர் விண்டோஸிலேயே உள்ள நினைவகச் சோதனையை ஒருமுறை ஓடவிடுவது நன்று. வாங்கிய வாரத்திலேயே அதைச் செய்துவிட வேண்டும். மாற்றித் தரும் காலம் கடந்த பின் குறையைக் கண்டறிந்து என்ன பயன்?

கூடிய நினைவகம் வேகத்தைத் தரும், பாதுகாப்பைத் தராது. வங்கி வாடிக்கையாளர்கள் இதனை மறக்கலாகாது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிவுற்றது. அதற்கெனப் பதிவுசெய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மேலும் ஓராண்டு கிடைக்குமாறு நீட்டிக்கப்பட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும், இன்டெல் எனில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் கேட்கிறது. எங்கள் 2012ஆம் ஆண்டுக் கணினிக்கு எத்தனை ஜிபி சேர்த்தாலும் அந்தத் தகுதி வராது. திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தில் இணையவழி வங்கிச் சேவையைப் பயன்படுத்துவதைவிட, மெதுவான கணினியே மேல்.

இவ்வாண்டு மகள் அதற்கு ஒரு வழி செய்தாள். அதே கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவினாள். இணையத்தில் புகவும், வங்கிப் பணிக்கும், அவளது பாடங்களுக்கும் லினக்ஸ். எங்கள் கணக்கு மென்பொருள் லினக்ஸில் நேரடியாக இயங்காதாகையால் அதற்கு மட்டும் விண்டோஸ். அப்போது இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும். தொடக்கத்தில் இது தொல்லையாகத் தோன்றியது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. எட்டாம் தலைமுறைக்குப் பிற்பட்ட கணினி வைத்திருப்போருக்கு இந்தச் சிரமமே இல்லை. அத்தகைய கணினியைத் தளர்ச்சிக்காகத் தூக்கி எறிவது எவ்வகையிலும் நியாயமன்று. மறுபுறம், டிடிஆர்2 காலத்துக் கணினிக்கு நினைவகம் தேடி அலைவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அதனைப் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, தேவையெனில் அப்போது கடனைப் பற்றி எண்ணலாம்.

இப்போது எங்கள் கணினி காப்பி ஆறுவதற்குள் எழுந்துவிடுகிறது. நினைவகப் பயன்பாடு 55 விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. முதலில் வாங்கிய 850 ரூபாய்ப் பட்டை நான்கு மாதம் மேசை இழுப்பறையில் கிடந்தது. தெருமுனைத் தையற்கடைக்காரர், பில் போடும் கணினி நகர மறுக்கிறது என்று ஒருநாள் குறைபட்டுக்கொண்டார். பெட்டியைத் திறந்து பலகையின் பெயரைப் படம் எடுத்தோம். ஏஎம்டி, டிடிஆர்3. கையேட்டிலும் பார்த்துக்கொண்டோம். பட்டையை அவருக்கே கொடுத்துவிட்டோம். முதல் அழுத்திலேயே கணினி எழுந்தது.